பறவைக்கு இடும் பிடி அரிசி: நோயாளர் இல்லங்களில் கவனிக்க வேண்டியவை

அறுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் சென்ற கோடையின் இறுதியில் எங்கள் நுரையீரல் நோய்ப் பிரிவுக்கு வந்தார். தருமபுரி நகரில், மகனுடைய வீட்டின் மாடியில் வசிப்பவர். ஐந்து மாதங்களாக வறட்டு இருமல். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குதல். உடல் எடையும் சற்றுக் குறைந்திருந்தது. சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி இல்லை. ஆஸ்துமாவாக இருக்கலாம் என்று இன்ஹேலர் கொடுக்கப்பட்டிருந்தது. அதனால் பெரிய பயன் ஏற்படவில்லை.

நாங்களும் வழக்கமான கேள்விகளையே முதலில் கேட்டோம். புகைப் பழக்கம் உண்டா, விறகடுப்பில் சமைத்தீர்களா, ஆலைத் தூசியில் வேலை செய்தீர்களா என்ற எல்லாவற்றுக்கும் இல்லை என்றே விடை வந்தது. எச்.ஆர்.சி.டி. ஸ்கேன் படத்தைப் பார்த்த பிறகே, முதல் நாளிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டோம்: "அம்மா, வீட்டில் பறவைகள் உண்டா?"

"வளர்ப்பதில்லை, டாக்டர். ஆனால் அவர் போன பிறகு, காக்கைக்கு ஒரு பிடி வைக்காமல் நான் சாப்பிடுவதில்லை" என்றார். கணவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. காக்கைக்கு என்று வைத்த சோறும் அரிசியும் நாளடைவில் புறாக்களை அழைத்து வந்துவிட்டன என்று மருமகள் விளக்கினார். முதலில் நான்கு புறாக்கள். இப்போது நாற்பதுக்குக் குறையாது. அவை சன்ஷேடிலும் ஏர் கூலரின் மேலும் தங்குகின்றன. அந்த ஏர் கூலர் இருப்பது அம்மையார் படுக்கும் அறையின் ஜன்னலில்.

அவர் அனுமதியோடும், அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றியும் இதனை எழுதுகிறோம். பறவைக்கு உணவிடுவது நம் மக்களின் நல்ல பழக்கங்களுள் ஒன்று. அதனைக் கைவிடச் சொல்வது எங்கள் நோக்கமன்று. எந்த இடத்தில், எவ்வளவு, எத்தகைய தட்டில், யாருடைய கையால் இடுவது என்பவற்றை அறிந்து செய்தால் பறவைக்கும் நன்மை, நோயாளிக்கும் நன்மை. அறியாமல் செய்தால் இருவருக்குமே தீங்கு நேரக்கூடும்.

நுரையீரலுக்குள் நிகழ்வது என்ன?

பறவையின் எச்சத்திலும் இறகின் மீதுள்ள வெண்பொடியிலும் சிலவகைப் புரதங்கள் உள்ளன. எச்சம் உலர்ந்து பொடியானதும் அவை கண்ணுக்குத் தெரியாத நுண்தூசியாகக் காற்றில் கலக்கின்றன. மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் கடைசி அறைகளான காற்று நுண்ணறைகள் வரை செல்லும் அளவுக்கு அத்தூசி நுண்ணியது.

பெரும்பாலோருக்கு இதனால் ஒன்றும் நேர்வதில்லை. ஆனால் சிலருடைய உடலின் எதிர்ப்பாற்றல் அப்புரதங்களைப் பகையாகக் கருதி, நுண்ணறைகளின் சுவரில் அழற்சியை உண்டாக்குகிறது. இதற்கு மிகையுணர்வு நுரையீரல் அழற்சி என்று பெயர். மருத்துவமனைச் சீட்டில் 'ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸ்' என்று எழுதியிருப்பார்கள். இது தொற்றுநோய் அன்று; ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவாது. புறா வளர்ப்போருக்கு வரும் இந்நோயை அமெரிக்க மருத்துவர்கள் 1965-ஆம் ஆண்டிலேயே விவரித்து எழுதினர்.

நோய் இரண்டு விதமாக வெளிப்படும். எச்சத் தூசியை மிகுதியாகச் சுவாசித்த சில மணி நேரத்தில் காய்ச்சல், குளிர் நடுக்கம், இருமல் தோன்றி, ஓரிரு நாள்களில் தணிவது ஒரு விதம். இதனைப் பலர் சாதாரணக் காய்ச்சல் என்று எண்ணி விட்டுவிடுவர். சிறிது சிறிதாகப் பல மாதங்கள் சுவாசித்து, வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் மெல்ல வளர்வது மற்றொரு விதம். இரண்டாவதே அதிகம் அஞ்சத்தக்கது. அழற்சி நீடித்தால் நுரையீரலில் தழும்பு விழுகிறது. விழுந்த தழும்பை எந்த மருந்தாலும் நீக்க முடியாது.

இந்நோய் நம் நாட்டுக்குப் புதிதன்று. இந்தியாவின் 19 நகரங்களிலுள்ள 27 மருத்துவ மையங்களில், நுரையீரல் திசு நோயுள்ள 1,084 பேரை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட பதிவேட்டில், சுமார் 47 விழுக்காட்டினருக்கு இருந்தது மிகையுணர்வு நுரையீரல் அழற்சியே. பூஞ்சை படிந்த ஏர் கூலர்கள் அங்கே முதன்மைக் காரணமாகக் காணப்பட்டன. பறவைத் தொடர்பும் காரணங்களுள் ஒன்று. எங்கள் நோயாளியின் அறையில் இவ்விரண்டும் ஒரே ஜன்னலில் இருந்தன.

இவை தவிர, புறா எச்சம் கலந்த மண்ணிலும் தூசியிலும் வளரும் கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சை, எதிர்ப்பாற்றல் மிகக் குறைந்தவர்களுக்கு மூளையுறை அழற்சியை உண்டாக்கக்கூடும். கிளி, புறா முதலியவற்றிடமிருந்து சிட்டகோசிஸ் என்னும் நுரையீரல் தொற்றும் அரிதாக மனிதருக்கு வருவதுண்டு.

புறாக்கள் ஏன் பெருகுகின்றன?

நம் முன்னோர் பறவைக்கு இட்ட முறையைச் சற்று நினைத்துப் பார்ப்போம். வாசலில் அரிசிமாக் கோலம். அது எறும்புக்கும் சிட்டுக்கும் ஆனது. உணவுக்கு முன் காக்கைக்கு ஒரு பிடி. அறுவடைக் காலத்தில் தாழ்வாரத்தில் கட்டித் தொங்கவிட்ட கதிர்க்கொத்து. களத்தில் கேழ்வரகும் சாமையும் தூற்றும்போது சிதறிய மணிகள். இவை அனைத்துக்கும் ஒரு பொதுத் தன்மை உண்டு: அளவு சிறியது, திறந்த வெளியில் நடப்பது, வந்த பறவை தின்றதும் பறந்துவிடும், மிச்சம் கிடப்பதில்லை.

இன்று மாடி வீடுகளில் நிகழ்வது வேறு. அரை கிலோ, ஒரு கிலோ என்று அரிசி கொட்டப்படுகிறது. அது நாள் முழுதும் கிடக்கிறது. பாறை இடுக்குகளில் கூடு கட்டி வாழ்ந்த இனத்தின் வழி வந்தவை நகரத்து மாடப்புறாக்கள். சன்ஷேடும், ஏ.சி. எந்திரத்தின் பின்புறமும், குளியலறைக் குழாய்கள் செல்லும் சந்தும் அவற்றுக்குப் பாறை இடுக்குகளே. உணவு தடையின்றிக் கிடைத்தால் ஓர் இணை ஆண்டில் பலமுறை, ஒவ்வொரு முறையும் இரண்டு முட்டை இட்டுக் குஞ்சு பொரிக்கும். ஆகவே நாம் இடும் தீனியின் அளவே புறாக்களின் எண்ணிக்கையைப் பெரிதும் முடிவு செய்கிறது.

மும்பை நகரம் இதனை அண்மையில் எதிர்கொண்டது. 'கபூதர்கானா' எனப்படும் புறாத் தீனித் திடல்கள் அங்கே நெடுங்காலமாக இருந்து வந்தன. 2025 ஜூலையில், பொதுச் சுகாதாரத்தைக் காரணம் காட்டி, 51 திடல்களை மூடுமாறு மகாராட்டிர அரசு கூறியது. வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது; தாதர் திடல் மூடப்பட்டபோது எதிர்ப்பும் கிளம்பியது. உயிர்களிடத்துக் கருணை ஒருபுறம், அருகில் வாழும் மனிதரின் மூச்சு மறுபுறம். இவ்வளவு பெரிய மோதல் நம் ஊரில் எழ வேண்டியதில்லை. அளவறிந்து இட்டாலே போதும்.

அளவில் மிகப் பெரிதாகச் செய்தவரும் தமிழ்நாட்டில் உண்டு. சென்னை இராயப்பேட்டையில் கேமரா பழுது பார்க்கும் சேகர் என்பவர், 2004 சுனாமிக்குப் பின் தம் வீட்டு மாடிக்கு வந்த பச்சைக்கிளிகளுக்கு அரிசி வைக்கத் தொடங்கினார். பின்னர் ஆயிரக்கணக்கில் கிளிகள் வரலாயின. 'பறவை மனிதர்' என்றே அவரை மக்கள் அழைத்தனர். அது ஒருவர் தம் நாளையும் வருவாயையும் ஒப்படைத்துச் செய்த பணி. நோயாளி ஒருவர் இருக்கும் வீடு அந்த அளவைப் பின்பற்ற இயலாது; பின்பற்றவும் கூடாது.

எத்தகைய தட்டு பொருத்தமானது?

கடைகளில் 'பேர்ட் ஃபீடர்' என்னும் பெயரில் பலவகைக் கலங்கள் விற்கப்படுகின்றன. வாங்கும் முன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். புறா அதில் நிற்க முடியுமா? எச்சம் தீனியின் மேல் விழுமா? எளிதாகக் கழுவ முடியுமா?

அகன்ற தட்டுகளில் முதல் இரண்டுக்கும் விடை 'ஆம்' என்பதே. பறவைகள் தீனியின் மீதே நின்று தின்று, அதிலேயே எச்சமிடும். நோயுற்ற ஒரு பறவையின் உமிழ்நீர் அடுத்த பறவையின் உணவாகிவிடும். பிரிட்டனில் 2005 முதல் டிரைக்கோமோனசு என்னும் ஒட்டுண்ணி நோயால் கிரீன்ஃபிஞ்ச் என்னும் சிறு பறவைகள் பெருந்தொகையாக மடிந்தன. தோட்டத்துத் தீனிக் கலங்களில் அவை நெருங்கிக் கூடியது நோய் பரவ வழிவகுத்தது. தூய்மையில்லாத தட்டு பறவைக்கும் நோயிடமே.

சிறு துளைகளும் குறுகிய குச்சிகளும் உள்ள குழாய் வடிவக் கலம் மேலானது. சிட்டுக்குருவியும் சில்லையும் குச்சியில் அமர்ந்து தின்னும். உடல் பருத்த புறாவுக்கு அதில் இடமில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் துளையிட்டு இதனை வீட்டிலேயே செய்யலாம். குச்சியின் நீளம் சுண்டுவிரல் அளவுக்கு மேல் வேண்டாம். கீழே சிந்துவதைத் தாங்கத் தட்டுக் கட்டாதீர்கள். அத்தட்டே புறாவின் இருக்கையாகிவிடும். சிந்தியதை அன்றன்றே அள்ளி அகற்றுங்கள்.

கயிற்றில் தொங்கவிட்ட கொட்டாங்குச்சி எளிமையானது, செலவற்றது. அது ஆடும் தன்மையால் புறா தயங்கும். அழுக்கானால் எறிந்துவிட்டு வேறொன்று கட்டலாம். மரத்தாலான கலங்களில் ஈரமும் பூஞ்சையும் ஊறும். தகரத் தட்டு நம் மாவட்டத்து மே மாத வெயிலில் கொதித்துவிடும். மண்சட்டி நீர் வைக்க ஏற்றது, தீனிக்கு அன்று.

என்ன உணவு? எவ்வளவு?

கம்பு, தினை, சாமை, கேழ்வரகு, நொய்யரிசி ஆகியவை சிறு பறவைகளுக்குப் போதும். இவை நம் மாவட்டத்தில் விளைபவையே. மைனாவும் கொண்டைக்குருவியும் வாழைப்பழம், பப்பாளி, கொய்யா ஆகியவற்றின் துண்டை விரும்பும். மிக்சர், முறுக்கு, சிப்ஸ் முதலிய உப்பும் எண்ணெயும் கலந்தவை, பால், ரொட்டி ஆகியவை வேண்டாம். பூஞ்சை பிடித்த நிலக்கடலையை, 'நமக்கு ஆகாது, குருவிக்கு ஆகும்' என்று இடுவது தவறு. அப்பூஞ்சையின் நஞ்சு பறவையையும் கொல்லும்.

அளவு என்பது அரை மணி நேரத்தில் தின்று தீர்வது. மிஞ்சினால் மறுநாள் குறையுங்கள். இரவில் தீனி வெளியே கிடந்தால் எலியும் பெருச்சாளியும் வரும். அவற்றின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் வரும். எலியைத் தேடிப் பாம்பும் வரும்.

தீனியைவிட நீர் பெரிய அறம், குறிப்பாகக் கோடையில். இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழமில்லாத மண்சட்டி போதும். சிறு பறவை அமர நடுவில் ஒரு கல் வையுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய தெளிந்த நீரிலேயே முட்டையிடும். நீரை நாள்தோறும் மாற்றுவதோடு, சட்டியின் உட்சுவரையும் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏனெனில் முட்டைகள் சுவரில் ஒட்டியிருக்கும். உலர்ந்தாலும் பல மாதம் உயிரோடு இருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும்.

இடமும் தூய்மையும்

தீனிக் கலத்தைத் தரைமட்டத்துத் தோட்டத்திலோ மரக்கிளையிலோ கட்டுவது நல்லது. படுக்கையறை ஜன்னல், ஏர் கூலர், ஏ.சி. எந்திரம், துணி உலர்த்தும் கொடி, மூடியில்லாத நீர்த்தொட்டி ஆகியவற்றின் அருகில் வேண்டாம்.

வாரம் ஒருமுறையேனும் கலத்தை வீட்டுக்கு வெளியே, சமையல் பாத்திரம் கழுவாத இடத்தில், சோப்பு நீரால் கழுவுங்கள். பின்னர் ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, நன்கு அலசி, வெயிலில் உலர்த்துங்கள். பிளீச்சுடன் ஆசிட் போன்ற வேறெதையும் கலக்கக் கூடாது.

சன்ஷேடில் படிந்த எச்சத்தை ஒருபோதும் உலர்ந்த நிலையில் பெருக்காதீர்கள். மிகுதியான தூசி மூச்சில் சேர்வது அந்த வேளையில்தான். முதலில் நீர் தெளித்து நன்றாக நனைத்து, ஈரமாகவே வழித்தெடுங்கள். கையுறையும் என்95 முகக்கவசமும் அணிய வேண்டும். துணி முகக்கவசம் போதாது. நுரையீரல் நோயாளி அப்போது வீட்டில் இல்லாதிருத்தல் நலம். பிறகு புறா அமரும் இடங்களை வலையிட்டு அடைக்கலாம்; உள்ளே கூடும் குஞ்சும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு அடையுங்கள்.

இறந்த பறவையை வெறுங்கையால் தொடாதீர்கள். ஒரே இடத்தில் பல பறவைகள் இறந்து கிடந்தால் கால்நடைப் பராமரிப்புத் துறையினருக்குத் தெரிவியுங்கள்.

யார் இடக் கூடாது?

நுரையீரல் திசு நோய் உள்ளவர்கள், கட்டுக்குள் வராத ஆஸ்துமா உள்ளவர்கள், புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெறுபவர்கள், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், எச்.ஐ.வி. தொற்றால் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள், நெடுநாளாக ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்பவர்கள் ஆகியோர் தீனியிடுவதையும் கலம் கழுவுவதையும் பிறரிடம் விட்டுவிட வேண்டும். மிகையுணர்வு நுரையீரல் அழற்சி உறுதியானவர்கள் வீட்டில் புறா மட்டுமன்றி எப்பறவையும் வேண்டாம். இறகு அடைத்த தலையணையும் வேண்டாம். வெளியே இட முடியவில்லையே என்று கூண்டில் லவ் பேர்ட்ஸ் வாங்கி நோயாளியின் அறையில் வைப்பது மிகப் பெரிய தவறு. பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பதோ, 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

இதனைப் படித்துவிட்டு ஒவ்வோர் இருமலுக்கும் பறவையைக் குற்றம் சொல்ல வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் முதலில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை. அது அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. அதனோடு, கேட்காவிட்டாலும் மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள்: வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பறவை வளர்க்கிறார்களா, ஜன்னலருகே புறா தங்குகிறதா, ஏர் கூலர் உண்டா, எப்போது கழுவியது, வெளியூரில் சில நாள் தங்கினால் இருமல் குறைகிறதா. இவ்விடைகள் பல மாத அலைச்சலைத் தவிர்க்கக்கூடும்.

உள்நோயாளிகளின் உறவினருக்கும் ஒரு வேண்டுகோள். மீந்த இட்டிலியையும் சோற்றையும் வார்டு ஜன்னல் வழியே புறாவுக்கு எறியாதீர்கள். நீங்கள் எறியும் இடத்துக்கு மேலும் கீழும் உள்ள அறைகளில், கீமோதெரபி பெறுபவரும் ஆக்சிஜனில் இருப்பவரும் படுத்திருக்கக்கூடும்.

ஜன்னல் வழியே பார்ப்பதற்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் குறிப்புகளை ரோஜர் அல்ரிச் என்பவர் ஒப்பிட்டு 1984-இல் எழுதினார். ஜன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரை மட்டும் கண்டவர்களைவிட விரைவாக வீடு திரும்பினர். வலிநிவாரணியும் குறைவாகவே தேவைப்பட்டது. மரம் இருக்கும் இடத்தில் பறவையும் வரும்.

அந்த அம்மையாரிடம் தீனியிடுவதை நிறுத்தச் சொல்வது எங்களுக்கு எளிதாக இருக்கவில்லை. அவருக்கு அது கணவருக்கு இடும் சோறு. மகனையும் மருமகளையும் உடன் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசினோம். மாடியில் தீனி நின்றது. ஏர் கூலர் அகற்றப்பட்டது. அம்மையார் மகள் வீட்டில் தங்கியிருந்த வாரத்தில் எச்சம் நனைத்து அகற்றப்பட்டு, வலை கட்டப்பட்டது. பறவைப் புரதம் வீட்டுத் தூசியில் பல மாதங்கள் தங்கும் என்பதால் திரைச்சீலையும் மெத்தையும்கூட மாற்றப்பட்டன. சில வாரங்கள் ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுத்தோம். ஆனால் காரணத்தை நீக்காமல் மருந்து மட்டும் கொடுத்திருந்தால் நோய் வளர்ந்துகொண்டே இருந்திருக்கும்.

ஆறு மாதம் கழித்து வந்தபோது இருமல் பெரும்பாலும் நின்றிருந்தது. ஸ்கேனில் அழற்சி தணிந்திருந்தது. கீழ்ப்பகுதியில் சிறு தழும்புகள் மாறாமல் இருந்தன. அவை இனி மாறப்போவதில்லை. இன்னும் ஆறு மாதம் முன்னரே பறவையைப் பற்றிக் கேட்டிருந்தால் அவையும் விழாமல் தடுத்திருக்கலாம் என்பது எங்களை உறுத்துகிறது. இப்போது புதிய நோயாளிகளிடம் நிரப்பும் படிவத்தில் அக்கேள்வியைச் சேர்த்திருக்கிறோம்.

"காக்கைக்கு வைப்பதை விட்டுவிட்டீர்களா?" என்று கேட்டோம். அமாவாசை தோறும் மருமகள் தெருமுனைப் புளியமரத்தடியில், வாழையிலைத் துண்டில் ஒரு பிடி வைத்துவிட்டு வருகிறாராம். காக்கைகள் வந்து பத்து நிமிடத்தில் தின்று தீர்த்துவிடுகின்றனவாம். மூடிய கண்ணாடி ஜன்னல் வழியே அதைப் பார்த்துவிட்டுத்தான் அம்மையார் சாப்பிட அமர்கிறார். மற்ற நாள்களில் அந்தப் பிடிச் சோறு அடுத்த வீட்டுப் பசுவுக்குப் போகிறது.